கேழ்வரகு முளைத்த தண்டவாளம்

சேசு மரி சூசை துணை

நெல்லித்தோப்பு,
புதுச்சேரி.
டிசம்பர் 18

அன்பு மகள் பிரிஸ்கில்லாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் ஆண்டவர் புண்ணியத்தில் நடமாட்டத்தோடு இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை ஜோசப் ஆனந்தும் அந்தத் துலூஸ் குளிரில் சளி இருமல் அண்டாமல் இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலையில் பத்து மணிகளை உங்களுக்கென்றே ஒதுக்கிச் சொல்கிறோம். வாரத்துக்கு இரண்டு தடவை போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் காகிதமும் பேனாவும் எடுத்தான் என்று நீ நினைப்பாய். போனில் பேசும்போது உன் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு, சாப்பிட்டாளான்னு கேளுங்க, தலைக்கு எண்ணெய் வெக்கிறாளான்னு கேளுங்க என்று என் தோளைச் சுரண்டிக்கொண்டே இருப்பாள், ஒரு வார்த்தை உருப்படியாகப் பேச முடியாது. அதுவும் போக, இதில் எழுதப்போவதை வாயால் சொல்ல எனக்குத் தெம்பில்லை. முப்பத்துநாலு வருஷம் கரண்ட் ஆபீசில் ஒயர்மேனாகக் கம்பம் ஏறியவன் இப்போது பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கிறிஸ்துமஸுக்குள் இது உன் கைக்கு வந்து சேராது என்று தெரியும், பரவாயில்லை. நடுவில் கோபம் வந்தால் மடித்து வைத்துவிட்டு மறுநாள் படி, ஆனால் கடைசி வரைக்கும் படித்துவிடு.

முதலில் நீ அனுப்பிய பார்சல் விஷயம். நவம்பர் கடைசியில் பத்திரமாக வந்து சேர்ந்தது. பிரித்ததும் அம்மாவுக்கு வழக்கமான ஏமாற்றம், சாக்லேட் இரண்டே பெட்டி, மீதி எல்லாம் அப்பாவின் ரயிலுக்குப் புல்லும் மரமும். இந்தத் தடவை மனிதர்களையும் அனுப்பியிருக்கிறாய், இருபத்துநான்கு பேர், ஒவ்வொருவரும் சுண்டுவிரலின் மேல்கணு உயரம்கூட இல்லை. எல்லாரும் துரைமார்கள், துரைசாணிகள், கோட்டும் தொப்பியுமாக விறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். நம் ஊர் வெயிலில் இந்தக் கோட்டோடு பிளாட்பாரத்தில் நின்றால் மயக்கம் போட்டு விழுந்துடுவானுங்க என்று அம்மா சொன்னாள். ஆகவே நான் லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, நாலைந்து முடி மட்டும் விட்ட பிரஷ்ஷால் கோட்டை எல்லாம் வெள்ளைச் சட்டையாக்கினேன், கால்சட்டை கைலியாயிற்று, தொப்பி தலைமுண்டாசு ஆயிற்று. பெண்களுக்கு அம்மா கலர் பேப்பரில் முந்தானை வெட்டி ஒட்டினாள். தோளில் பை மாட்டிக்கொண்டு ஒருத்தி இருந்தாள், அவளுக்கு மட்டும் நான் பிரஷ் வைக்கவில்லை. அவளைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

சாரத்தில் இருக்கிற வெரோனிகா அத்தை முட்டிவலி அதிகமாகி மாடிப்படி ஏறுவதை விட்டுவிட்டாள். ஆனால் என் ரயிலைப் பார்க்க மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டு நம் வீட்டு மாடி ஏறினாள். போட்டோவில் பார்ப்பதும் நேரில் பார்ப்பதும் ஒன்றில்லை பிரிசி. ஆறு வருஷத்துக்கு முன்னால், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற எதிர்வீட்டுச் சொல்தா தணிகாசலம் ஐயா வீட்டைக் காலி செய்து மகனோடு பாரிசுக்குப் போனபோது, வெச்சுக்க மிக்கேல், நீதான் ஒயர் வேல தெரிஞ்சவன் என்று அந்தப் பழைய பொம்மை ரயில் பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாரே, அன்றைக்கு அது ஒரு எஞ்சினும் மூன்று பெட்டியும் துருப்பிடித்த ஒரு வட்டத் தண்டவாளமும்தான். இன்று உன் அண்ணன் பிரகாஷ் அறையில் சுவருக்குச் சுவர் பதினோரு அடி பலகையில் புதுச்சேரி ஸ்டேஷனில் இருந்து வில்லியனூர் வரைக்கும் நம்முடைய ரயில் பாதை கிடக்கிறது. ஜல்லிக்குச் செங்கல்லை இடித்து மூன்று சல்லடையில் சலித்தேன். பிளாட்பாரத்தை ஒட்டிய கறுப்பு மண் அம்மா காயவைத்துக் கொடுத்த டீத்தூள் சக்கை. பழைய ஒயரை உரித்து அதன் செம்புக் கம்பிகளை முறுக்கிப் பிரித்தால் அடிமரமும் கிளையும் வந்துவிடும், அதன்மேல் பசையைத் தடவி நீ அனுப்பிய பச்சைத் தூளைத் தூவினால் வேலிக்கருவேலம், அசலே தோற்றுப்போகும். வில்லியனூர் மாதா கோயில் குளத்துக்குக் கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கிற மாதிரியே கண்ணாடித் துண்டு வைத்து ஓரத்தில் படிக்கட்டு கட்டினேன். சிக்னல் கம்பம், மதகு, டிரைவரை ஊதச் சொல்லும் மஞ்சள் பலகை, ரயில்வே கேட்டில் காத்து நிற்கும் ஒரு மூன்று சக்கர மீன்பாடி வண்டி, எல்லாம் இருக்கிறது. அத்தை பார்த்துவிட்டு, ஏண்டா இதுல ஒரு மாடுகூட இல்ல என்று கேட்டாள். ஒரு மாட்டுக்குச் சொல்லியிருக்கிறேன்.

நீ அனுப்பிய மரங்களை நட்டு நட்டுத்தான் இந்தப் பாதை இவ்வளவு பச்சையாயிற்று. ஆனால் ஒன்றை நான் சொல்லியாக வேண்டும். வருஷத்துக்கு இரண்டு பார்சல் அனுப்புகிறாய், ஒரு தடவைகூட நீ வரவில்லை. ஒன்பது வருஷம் ஆயிற்று. உன் கல்யாணத்தைக்கூட நாங்கள் கட்டிலில் உட்கார்ந்து போனில்தான் பார்த்தோம், அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பார்த்தாள். ஒவ்வொரு பார்சல் வரும்போதும், சரி, இந்த வருஷமும் இவள் வரப்போவதில்லை என்று எனக்குப் புரிந்துவிடும். ஏன் வரவில்லை என்று நான் கேட்டதில்லை. கேட்காததற்குக் காரணம் எனக்குப் பதில் தெரியும் என்பதுதான்.

போட்டோக்களைக் கூர்ந்து பார்த்திருந்தால் ஒரு இடத்தை நீ கவனித்திருப்பாய். மதகுக்கும் மஞ்சள் பலகைக்கும் நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு வெறும் பலகை. ஜல்லி இல்லை, மண் இல்லை, ஒரு புல் இல்லை. இரண்டு பக்கமும் காடாக வளர்ந்திருக்க, தண்டவாளம் மட்டும் அந்த மொட்டைப் பலகைமேல் ஓடும். ஆறு வருஷமாக எல்லா இடத்தையும் அலங்கரித்த என் கை அங்கே மட்டும் போகவில்லை. பார்க்க வருகிறவர்கள் கேட்டால் வேலை பாக்கி இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அம்மா ஒரு நாளும் கேட்டதில்லை. அவளுக்கு அதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்று நான் நினைத்தேன். கூடவே முப்பத்தெட்டு வருஷம் இருந்தும் மனுஷனுக்கு இவ்வளவு மடத்தனம்.

இந்த மாதம் முதல் வாரம், கடலூரில் என் தங்கை வீட்டுக்காரருக்குக் கண் ஆப்பரேஷன் என்று ஆறு நாள் அங்கே போய் இருந்தேன். அம்மா வழக்கம்போல் குடிலுக்குப் புல் வேண்டும் என்று தகர டப்பா மூடிகளில் ஈரமணல் போட்டுக் கேழ்வரகு விதைத்திருக்கிறாள். அதோடு நிற்கவில்லை. மிச்சம் ஒரு பிடி கேழ்வரகு இருந்ததாம், அதைக் கொண்டுபோய் என் ரயில் பாதையில் அந்த மொட்டைப் பலகைமேல் பஞ்சைப் பரப்பி, மணலைத் தூவி, விதைத்துவிட்டாள். காலையிலும் சாயந்திரத்திலும் மறக்காமல் தண்ணீர் தெளித்திருக்கிறாள். வருஷா வருஷம் குடில் கட்டுகிற வீட்டுப் பெண்ணுக்குத்தான் அந்த யோசனை வரும். மாட்டுக்கொட்டகை பொம்மைக்கும் மின்சாரம் ஓடுகிற தண்டவாளத்துக்கும் என்ன வித்தியாசம் என்று அவள் கண்டாளா. நான் வந்து மாடியேறிச் சுவிட்சைப் போட்டேன். ரயில் புதுச்சேரி ஸ்டேஷனை விட்டுக் கிளம்பியது, கேட்டைத் தாண்டியது, மதகைத் தாண்டியது, விரல்கடை உயரத்துக்குப் பச்சைப்பசேலென்று முளைத்திருந்த கேழ்வரகுக்குள் நுழைந்தது, அப்படியே நின்றுவிட்டது. பலகை ஊறி மேலே வளைந்திருந்தது, சொல்தா வீட்டுப் பழைய இரும்புத் தண்டவாளம் ஒரு சாண் நீளத்துக்குத் துருவேறிக் கிடந்தது. அந்த இடத்தில் ரயில் நிற்பதைப் பார்த்ததும் எனக்கு என்ன ஆயிற்றென்று தெரியவில்லை. தெருமுனை வரைக்கும் கேட்கும்படி கத்தினேன். யாரைக் கேட்டு அங்க கைய வெச்ச என்று கத்தினேன்.

உன் அம்மாவை உனக்குத் தெரியும், நான் ஒன்று சொன்னால் ஒன்பது சொல்வாள். அன்றைக்குக் குரலையே உயர்த்தவில்லை. கையில் தண்ணீர்ச் செம்போடு வாசற்படியில் நின்றபடி, எனக்குத் தெரியாதா அது எந்த எடம்னு, எம்புள்ள போன எடம், ஆறு வருசமா மொட்டையா போட்டு வெச்சிருக்கீங்க, புல்லாச்சும் மொளைக்கட்டுமேன்னுதான் போட்டேன் என்றாள். நான் அப்படியே பிரகாஷ் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். ஒன்பது வருஷமாக வீட்டில் ஒருவரிடமும் சொல்லாததை அன்றைக்கு அவளிடம் சொன்னேன். இப்போது உன்னிடம் சொல்கிறேன்.

அன்றைக்கு உன் விசாவுக்காகக் காகிதங்களைப் பிரெஞ்சில் மாற்றி எழுதி வாங்க நீ முதலியார்பேட்டையில் மொழிபெயர்ப்பாளர் வீட்டுக்குப் போயிருந்தாய். எத்தா சிவில் ஆபீசில் வாங்கிய உன் பிறப்புப் பத்திரத்தை ஃபிரிட்ஜ் மேலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாய். அவர் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவார், சீக்கிரம் கொண்டு வாடா என்று பிரகாஷுக்குப் போன் செய்தாய். அவன் நைட் ஷிப்ட் முடிந்து வந்து படுத்திருந்தான், எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு பைக் சாவியை எடுத்தான். இவ்வளவுதான் உனக்குத் தெரியும். இதை வைத்துத்தான் சாவு வீட்டில் என் காலடியில் உட்கார்ந்து, நாந்தாம்ப்பா அவசரப்படுத்துனேன், நாந்தாம்ப்பா அவனக் கொன்னுட்டேன் என்று அழுதாய். நான் உன் தலையில் கையை வைத்தேனே தவிர, இல்லம்மா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அதை நீ என் தீர்ப்பு என்று எடுத்துக்கொண்டாய். அது தீர்ப்பு இல்லை பிரிசி. பயம்.

அவன் பைக் சாவியை எடுத்ததை நான் கூடத்தில் இருந்து பார்த்தேன். எனக்கு அன்று லீவு. ரயில்வே கேட்டு மூடிக் கெடக்கும்டா, வண்டிய வெச்சிட்டு மதில் வழியா நடந்து போ, அஞ்சு நிமிசம் என்று அவனிடம் சொன்னவன் நான். அவன் சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டுப் போனான். அம்மா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டவன் அவன் ஒருவன்தான். இன்னொன்றும் இருக்கிறது. தண்டவாளத்தை ஒட்டி ரயில்வே மதில் கட்டியபோது, அந்தப் பக்கம் எனக்கு டியூட்டி, சைக்கிளில் கேட்டைச் சுற்றிக்கொண்டு போக இருபது நிமிஷம் கூடுதலாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலைப் பூசைக்கு முன்னால் போய் ஆள் நுழைகிற அளவுக்கு மதிலை உடைத்தவன் நான்தான். கவர்மெண்ட் வேலையில் இருப்பவன் செய்தான் என்று தெரிந்தால் வேலைக்கு உலை என்று வாயைத் திறக்கவில்லை. தெருவே அந்த ஓட்டை வழியாகப் போய் வந்தது. எவனோ புண்ணியவான் ஒடச்சி வுட்டான் என்று டீக்கடையில் பேசிக்கொள்வார்கள், நான் டீயை ஊதிக்கொண்டு உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன். ஒரு தடவை ரயில்வேக்காரர்கள் வந்து அடைத்தார்கள், மறுபடியும் நான்தான் உடைத்தேன். என் சுத்தியலில் செங்கல் தூளைப் பார்த்துப் பிரகாஷ் மட்டும் கண்டுபிடித்துவிட்டான். ஏம்ப்பா உனக்கு இந்த வேல, எவனாச்சும் அடிபட்டா என்று கேட்டான். அவன் கடைசி வரைக்கும் கேட்டு வழியாகத்தான் போய் வந்தான். பயந்தாங்கொள்ளிப் பய என்று நான் அவனைக் கேலி செய்வேன். அந்த ஒரு நாள்தான் என் வழியாகப் போனான்.

அவன் ரயிலில் அடிபட்டுக் கிடந்தபோதும் சட்டைக்குள் வைத்திருந்த உன் பத்திரம் கசங்காமல் இருந்தது. போலீஸ்காரர் அதை என் கையில்தான் கொடுத்தார். அதை நான்தான் மொழிபெயர்ப்பாளரிடம் கொண்டுபோனேன், அதை வைத்துத்தான் உனக்கு விசா வந்தது. நீ மூன்றே மாதத்தில் போய்விட்டபோது, தங்கச்சி இப்படி அண்ணன் செத்த சூட்டில் பறக்கிறாளே என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள், அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் உன் அப்பன். ஐந்து ஈஸ்டருக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். ஓம் மவகிட்ட சொன்னியா என்று கேட்டார். சொல்றேன் சாமி என்று எழுந்து வந்தேன். அடுத்த வருஷம் அவரிடம் போகவில்லை, வேறு கோயிலில் வேறு சாமியாரிடம் போனேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா அழவில்லை. செம்பில் மிச்சமிருந்த தண்ணீரை அந்தக் கேழ்வரகுக்கே ஊற்றினாள். இத எங்கிட்ட சொல்லி என்னா ஆவப்போவுது, அந்தப் பொண்ணுக்குச் சொல்லு என்றாள். அப்புறம் மூன்று நாள் எனக்குப் பரிமாறவில்லை. சோறு போட்டு மூடி வைப்பாள், நானே எடுத்துச் சாப்பிட வேண்டும். நாலாவது நாள் காபி டம்ளரை என் பக்கத்தில் வைத்துவிட்டு, எழுத ஆரம்பிச்சாச்சா என்றாள். இல்லை என்றேன். மொதல்ல அங்க ஆவ வேண்டியத செய்யுங்க, கை தானா எழுதும் என்று மாடிப் பக்கம் கையைக் காட்டினாள்.

நாங்கள் இரண்டு பேருமாகச் செய்தோம். கேழ்வரகு நாற்றை அவள் வேரோடு மெதுவாகப் பெயர்த்துக் கொண்டுபோய்க் கீழே குடிலில் வைத்தாள், இந்த வருஷம் பாலன் இயேசு படுத்திருக்கப்போவது அந்தப் புல்லுக்கு நடுவில்தான். நான் துருவேறிய தண்டவாளத்தை அறுத்தெடுத்து வேறு துண்டு பற்றவைத்தேன். ஜல்லி கொட்டினேன். தீப்பெட்டி அட்டையில் செங்கல் செங்கலாக வெட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டு மதிலைக் கட்டினேன், அதற்கே நாலு நாள் பிடித்தது. கட்டி முடித்ததும் அம்மா, ஓட்ட எங்க என்று கேட்டாள். நான் அதை விட்டுவிட்டுத்தான் கட்டியிருந்தேன், முழு மதிலாக, அப்படி இருந்திருக்கக் கூடாதா என்ற ஆசையில். அவள் கேட்ட பிறகு, அட்டைக் கத்தியை எடுத்து, அன்றைக்கு உடைத்த மாதிரியே நான்கு வரிசைச் செங்கல்லைப் பெயர்த்தேன். உடைந்த துண்டுகளைக் கீழேயே சிதறவிட்டேன். நிஜ மதிலைப் பிரகாஷ் இறந்த அந்த வாரமே அடைத்துவிட்டார்கள், இப்போது அதன்மேல் ஆள் உயரத்துக்குக் கம்பிவேலி இருக்கிறது. வீட்டில் இருப்பது மட்டும் திறந்தே இருக்கட்டும்.

இப்போது அந்தத் தோளில் பை மாட்டியவளைப் பற்றி. பார்சலைப் பிரித்த அன்றே அவளை எங்கே நிறுத்துவது என்று என் மனசு ஒரு இடத்தைக் குறித்துவிட்டது. மதிலுக்கு அந்தப் பக்கம், முதலியார்பேட்டைத் தெருவில், பத்திரம் வரும் வரும் என்று பார்த்துக்கொண்டு. அங்கே வைத்தும் பார்த்தேன். அப்புறம்தான் உறைத்தது, ஒன்பது வருஷமாக உன்னை அந்த இடத்தை விட்டு நகரவிடாமல் நிற்கவைத்திருப்பவன் நான்தான் என்று. அவளை எடுத்துவிட்டேன். முண்டாசு கட்டிய ஒருவனைத் தேர்ந்தெடுத்து முண்டாசைச் சீவினேன், தலைக்கு நரை பூசினேன், காக்கிச் சட்டை காக்கிக் கால்சட்டை போட்டேன், குண்டூசியை வளைத்து வலது கையில் சுத்தியல் வைத்தேன். மதில் ஓட்டைக்குப் பக்கத்தில் அவனை நிறுத்திப் பசை போட்டு ஒட்டிவிட்டேன். அந்த இடத்தில் நிற்க வேண்டியவன் அவன்தான். பார்க்க வருகிறவர்கள் யாருப்பா அது என்று கேட்டால், நான்தான் என்று சொல்கிறேன். வெரோனிகா அத்தையிடம் சொல்லிவிட்டேன். அவள் அழுதுவிட்டு, படி இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொள்ள மாட்டேன் என்று சுவரைப் பிடித்துக்கொண்டே இறங்கினாள். நியாயம்தான்.

பிரிசி, என்னை மன்னித்துவிடு என்று கேட்க வாய் வரவில்லை, இருந்தாலும் கேட்கிறேன். உனக்குக் கோபம் வந்தால் என்மேல் கோபப்படு, எவ்வளவு நாள் வேண்டுமானாலும் கோபப்படு. உன்மேல் மட்டும் இனிமேல் ஒரு நாளும் கோபப்படாதே. நீ கேட்டது ஒரு காகிதம். எந்தத் தங்கையும் கேட்பதுதான். மாப்பிள்ளையிடம் இதை மறைக்காதே, படிக்கக் கொடு. பனிக்காலம், தலைக்கு ஏதாவது கட்டிக்கொண்டு வேலைக்குப் போ, ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்த்துவிட்டு வெறும் வயிற்றில் படுக்காதே. அம்மா கொடுத்த வில்லியனூர் மாதா படம் தலைமாட்டில் இருக்கிறதா என்று கேட்கச் சொன்னாள். பாலன் இயேசுவும் நம் பிரகாஷ் ஆத்துமாவும் உங்கள் இருவருக்கும் காவலாக இருக்க, தலையில் கைவைத்து நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறோம்.

ஒன்றை மறந்துவிடப் பார்த்தேன். பை மாட்டியவளை இப்போது புதுச்சேரி ஸ்டேஷனில், ரயிலை விட்டு இறங்கினாற்போல் பிளாட்பாரத்தில் வைத்திருக்கிறோம். ஒட்டிடட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். வேணாம், அவ வந்து எங்க நிக்கணும்னு அவளே பாத்துக்குவா என்று சொல்லிவிட்டாள். ரயில் பக்கத்தில் ஓடினால் அதிர்வில் அவள் சாய்ந்துவிடுகிறாள், நான் தினமும் எடுத்து நிறுத்துகிறேன். மரம் போதும் பிரிசி. இனிமேல் பார்சல் அனுப்பாதே.

உன் வரவை எதிர்பார்க்கும்
அப்பா
மிக்கேல்

(அம்மா இதைப் படித்துவிட்டாள். ரோசா என்று அவளும் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.)

ரோசா